இருபது சென்டிமீட்டர்

ஸ்தாமென் மர அளவுகோலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவரே ஊர்க் கூடத்துக் கூரையில் ஏறிக் குத்திப் பார்த்திருக்கிறார். இருபது சென்டிமீட்டர் பனி.

“டிசம்பர்ல முழங்காலுக்கு மேல கிடந்துச்சு, அதுக்குக் கீழதானே ஆடினோம்? இப்போ ஒரு சாண் கிடக்கு, பூட்டணும்ங்கிற. எம்பொண்ணு கல்யாணம்னா உனக்கு ஏம்மா தோத்கா வயித்தெரிச்சல்?”

மதியம் விருந்து. எங்கள் ரொதோப்பி மலையூரில் இருநூறு பேர் உட்காரக்கூடிய கூடம் இது ஒன்றுதான். துருத்திக்குழல்காரர்கள் வந்துவிட்டார்கள். முற்றத்து அண்டாவில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. ஊர் வானிலை நிலையத்தில் அளவெடுப்பவள் நான். பனிக்காலத்தில் கூடத்துச் சாவியும் என்னிடம்தான் இருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனியை அளவுகோலால் அளக்காதீர்கள் என்று பதினேழு வருஷமாகத் தொண்டை வறளக் கத்துகிறேன். டிசம்பரில் விழுந்தது அரை மீட்டர். உருக்கினால் ஐம்பது மில்லிமீட்டர் தண்ணீர்கூடத் தேறவில்லை. இதுவோ மூன்று நாள் மழையைக் குடித்துவிட்டு அமுங்கிக் கிடக்கும் பனி.

“அது காஞ்ச கம்பளிண்ணே. இது ஆத்துல முக்கியெடுத்த கம்பளி. உருக்கிக் காட்டுறேன், அறுபதுக்குக் கீழ வந்தா முதல் ஆட்டம் நானே ஆடுறேன்.”

அறுபது, ஊராட்சி உத்தரவு. கூரைப் பனியை உருக்கி அறுபது மில்லிமீட்டர் தண்ணீருக்கு மேல் வந்தால் கட்டடத்தைப் பூட்ட வேண்டும். சதுர மீட்டருக்கு அறுபது கிலோ எடை. அதுவரை தாங்கும் என்று எவனோ ஒரு எஞ்சினியர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

தகரக் குழாயைக் கூரைப் பனியில் அடிவரை இறக்கி எடுத்தேன். கூடத்துச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஸ்தாமென் என் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

அளவுக் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். அறுபத்தாறு.

என் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார். வெள்ளைச் செருப்போடு சேற்றுப் பனியில் நின்ற மணப்பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவள் அப்பாவின் எச்சில் தேவலை.

பூட்டினேன். அந்த அறுபதின் மேல் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது எனக்கு.

பனி சீக்கிரம் உருகுவதற்கு அளந்து வெந்நீர் ஊற்றுவோம். கடைசியில் அந்த அளவைக் கழித்துவிட வேண்டும். இன்று பத்து மில்லிமீட்டர் ஊற்றினேன். கழிக்கவில்லை.

உண்மையில் வந்தது ஐம்பத்தாறு.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ரம்ப ஆலைக் கூரையில் ஐம்பத்தேழு வந்தது. ஒழுங்காகக் கழித்தேன், ஒழுங்காக எழுதினேன், ஆலை திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். பத்தரை மணிக்குக் கூரை இடிந்து இறங்கியது. உள்ளே நாலு பேர் இருந்தார்கள்.

மூன்று பேருக்குக் காலையில் ஆள் அனுப்பித்தான் வேலைக்கு வரலாம் என்று சொல்லியிருந்தேன். அசேனுக்கு ஆள் அனுப்பத் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டு மேசையில் என் எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பயமில்லை, போய் வாங்க என்று நானே சொன்னேன்.