பன்னிரண்டு கவர்கள்

"யாருக்கும் காட்டாதீங்க. உங்க மனசு உங்களுக்கு மட்டும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, ஒட்டிய கவர் ஒன்றை அவள் கையில் கொடுத்தார் கையெழுத்து நிபுணர். அவர் மார்பில் ஒரு பூதக்கண்ணாடி பதக்கம் போலத் தொங்கியது.

அந்தக் குடிதண்ணீர் பாட்டில் கம்பெனியில் எட்டு வருஷமாகத் தண்ணீரைச் சோதிப்பவள் அவள். எதையும் இரண்டு தடவை சோதிப்பதால் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். தரப்பிரிவு மேலாளர் நாற்காலி காலியாகி இரண்டு மாதம் ஆகிறது. அடுத்து அவள்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் முதலாளி இந்த நிபுணரைக் கூட்டிவந்தார். ஊழியர்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும். எழுத்து குணத்தைச் சொல்லுமாம். குணத்தைப் பார்த்துப் பதவியாம்.

ஆய்வகத்துக்குள் போய்க் கவரைப் பிரித்தாள். 'வெளியே நீங்கள் அமைதி. உள்ளே ஓர் அலை. உங்கள் திறமையை உலகம் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. நெருங்கியவர்களே உங்களைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.'

இரண்டாம் தடவையும் படித்தாள். உண்மைதானே? கடைசி வரியைச் சட்டம் போட்டுக் கணவனின் கண்ணில் படும்படி மாட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

வெளியே பேக்கிங் சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி நின்று, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கே தெரியலை மேடம், எனக்குள்ள ஒரு அலை இருக்குன்னு" என்றார் சூப்பர்வைசர்.

அவளுக்குச் சுருக்கென்றது. நேராக லாரி டிரைவரிடம் போனாள்.

"என்னண்ணே, உங்களுக்கும் அலையா?"

"ஆமாம்மா! புட்டுப்புட்டு வெச்சிருக்கான். இதுல அதிசயம் என்னன்னா, எனக்குக் கை சுளுக்கு. அந்தப் பக்கத்தை எழுதினதே என் பொண்ணு. அப்படியும் என்னைக் கண்டுபிடிச்சிட்டான் பாரு!"

கெஞ்சியும் மிரட்டியும் மாலைக்குள் மற்ற பதினொன்றையும் வாங்கிவிட்டாள். பன்னிரண்டும் முற்றுப்புள்ளி உட்பட ஒரே கடிதம். எல்லாவற்றையும் சூப்பர்வைசர் முன்னால் விரித்தாள்.

அவர் அசரவில்லை. "ஒரே இடத்துல வேலை பாக்கறோம் மேடம். குணமும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

முதலாளியின் அறைச் சுவரில் அவர் வேதியியலில் வாங்கிய தங்கப்பதக்கம் மினுங்கியது. இவ்வளவு படித்த மனுஷன் காதிலேயே ஒருத்தன் பூச் சுற்றிவிட்டானே என்று அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. கடிதங்களை மேஜைமேல் அடுக்கினாள்.

"எல்லாம் ஒண்ணு சார். யார் படிச்சாலும் தனக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். இதை வெச்சுப் பதவி கொடுத்தா ஊரே சிரிக்கும். அந்தாள் உங்களை நல்லா ஏமாத்திட்டான்."

முதலாளி கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்காவது சந்தேகம் வந்துதா?"

"நான் எடுத்துச் சொல்லியும் ஒருத்தரும் நம்பலை சார்."

"ரொம்ப நல்லது."

அவள் மனசு துள்ளியது. எட்டு வருஷத்துக்குப் பிறகு நாற்காலி தன் பக்கம் திரும்பிவிட்டது.

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு புது லேபிளை நீட்டினார். 'காந்தத்தால் விழிப்படைந்த நீர். மூட்டுவலி தீரும், ஞாபகசக்தி பெருகும். ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.' கீழே, தரப்பிரிவு மேலாளர் கையொப்பமிட ஒரு கோடு.

"எந்த ஆய்வு சார்?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

முதலாளி சிரித்தார். "இந்தக் கேள்வியைக் கேக்காத ஆளாப் பாத்து அந்த நாற்காலியில உக்கார வைக்கணும். அதுக்காகத்தான் அந்தக் கடிதத்தை நானே உக்காந்து எழுதினேன்."

அவள் விரல்களிலிருந்து லேபிளை மெதுவாக உருவிக்கொண்டார்.

"பன்னிரண்டு பேர்ல நீங்க ஒருத்தர்தாம்மா ஃபெயில்."