கை வந்த பக்கம்

கதாநாயகி இந்த முறையும் கை வருவதற்கு முன்பே முகத்தைத் திருப்பிவிட்டாள்.

கேமரா கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் இருந்தது. அந்த ஆங்கிளில் கைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் தெரியாது. கை கடந்துபோகும் நொடியில் முகம் திரும்பினால் போதும். திரையில் அறை பளாரென்று விழுந்திருக்கும்.

"கன்டினியுட்டியம்மா, நீங்க ஒரு தடவ நின்னு காட்டுங்க" என்றார் டைரக்டர்.

காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி பிசகாமல் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு யூனிட்டில் அதுதான் பெயர். போன வாரக் காட்சியில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, டம்ளர் எந்தக் கையில் இருந்தது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இந்தப் படம் பிசகில்லாமல் முடிந்தால் அடுத்த படத்தில் அசோசியேட் டைரக்டர் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதில் விருப்பமில்லாதவர் ஒரே ஒருவர்தான். கேமராமேன். அவளுடைய புருஷன்.

அவளுக்குக் கவனம் பத்தாது என்று முதல் நாளிலிருந்தே டைரக்டரின் காதில் ஓதிக்கொண்டிருந்தார். இருக்கிற இடம் தெரியாத மனிதர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பொண்டாட்டி வெயிலில் அலைய வேண்டாமே என்ற கரிசனம்தான் என்று யூனிட் நினைத்தது. நினைக்கட்டும்.

அவள் போய்க் கதாநாயகியின் இடத்தில் நின்றாள். இன்னும் இந்த ஒரே ஷாட்தான் பாக்கி.

கதாநாயகன் வலது கையை வீசினார்.

சரியான நொடியில் அவள் முகம் வெடுக்கென்று திரும்பியது. கை வந்த பக்கமே. அவர் விரல் அவள் மூக்கில் இடித்தது.

யூனிட்டே கொல்லென்று சிரித்தது.

ஸாரி சொல்லிவிட்டு மறுபடி நின்றாள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டாள். கை வந்தது. யோசிக்கவே விடாமல் கழுத்து பழைய பக்கமே திரும்பியது.

"என்னம்மா நீங்க! நான் இடது கையால அடிச்சாத்தான் இது சரியா வரும்" என்று கதாநாயகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

டைரக்டர் சிரிக்கவில்லை. எது எந்தக் கை என்று பார்த்துக்கொள்ளத்தானே அவளுக்குச் சம்பளம்.

"நான்தான் அப்பவே சொன்னேனே சார்." கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல் வந்தது.

டைரக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் அடுத்த படம் போய்விட்டது.

ஏன் அப்படித் திரும்பினேன் என்பதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஒரே வரிப் பதில். தொண்டை வரை வந்ததை எப்போதும் போல விழுங்கிக்கொண்டாள்.

கதாநாயகியை மறுபடி நிறுத்தினார்கள். கன்டினியுட்டியம்மா கேமராவுக்குப் பக்கத்தில் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். கேமராமேன் அவளைப் பார்க்கவில்லை. அசிஸ்டென்டிடம் வேறு லென்ஸ் கேட்டுக் கையை நீட்டினார்.

இடது கையை.