காத்தாடியில் தொங்கிய பொம்மை

திண்டிவனத்தில் மாதிரிக் கட்டடங்கள் செய்து விற்கும் மணிமாறனின் கடைக்கு, வேணி தன் அம்மா வீரம்மாளை விஷயம் சொல்லாமலே அழைத்து வந்தாள்.

மணிமாறன் துணியை விலக்கினான். கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் இரும்புக் காத்தாடி ஒன்றின் மாதிரி முழ உயரத்தில் நின்றது.

"யம்மா, ஓமந்தூர்ல நம்ம கெணத்துக்கு அப்பா நிறுத்துன காத்தாடி! நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பாம்பு கடிச்சிப் போய்ட்டாரு. அவரு மொகத்தப் பாக்க ஒரு போட்டோகூட இல்ல. அவரு கட்டுனதாவது வீட்ல இருக்கட்டும்னு செய்யச் சொன்னேன்."

ஃபேன் ஓடாத அந்தக் கடையில் இறக்கைகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

"எதப் பாத்துக்கினு செஞ்ச தம்பி?" என்றாள் வீரம்மாள்.

"உங்க டிரங்குப் பொட்டியில கெடந்துச்சின்னு அக்கா தூரத்துலேர்ந்து எடுத்த ஒரு பழைய போட்டோ குடுத்தாங்க. அதுல இருக்குற எதையும் நான் வுடலம்மா. திருஷ்டி பொம்மைகூட கட்டியிருக்கேன் பாருங்க."

உச்சிக்குக் கீழே கயிற்றில் ஒரு பொம்மை ஆடியது. கோடு போட்ட சட்டை. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"செருப்பு போட்ட திருஷ்டி பொம்மைய இப்பதாங்க பாக்குறேன்," என்று சிரித்தான்.

வீரம்மாள் அந்தப் பொம்மையை உள்ளங்கையில் தாங்கினாள். கயிறு தளர்ந்தது.

"நாங்க பொம்மையே கட்டலடி வேணி. கிரீஸ் வெக்க ஏறினாரு. திடீர்னு காத்து அடிச்சி, புடிச்சிக்கினு ஏறுன கயிறு கழுத்துல சுத்திக்கிச்சி. உங்கிட்டதான் பாம்புன்னு சொல்லி வெச்சேன். போலீசு எடுத்த போட்டோ அது. கெஞ்சி வாங்கினேன்."

"அதப் போயி ஏம்மா பத்திரமா வெச்சிருந்த?"

"உங்கப்பா இருக்குற போட்டோ அது ஒண்ணுதாண்டி."