பதினைந்து சொட்டு நீலம்

"பதினஞ்சு சொட்டு விட்டிருக்கேன் சார். யார் குடிச்சிருந்தாலும் நாக்கு காட்டிக் கொடுத்துடும்."

முதலாளி பேனாவை மூடி வைத்தார். "என்னம்மா கலந்தீங்க?"

"கேக்குக்குப் போடுற நீலம். சாப்பிடுறதுதான், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. பீட்ரூட் சாறுன்னா ரெண்டு கொப்பளிப்புல போயிடும். இது செயற்கை. சாயங்காலம் வரைக்கும் விடாது."

அவளுக்குத் தெரியாதா? பிஸ்கட், ஜாம், ஜூஸ் டப்பாக்களுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பன்னிரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறாள். எதில் என்ன நிறம், இயற்கையா செயற்கையா, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மெஷின் அண்ணன் அவளுக்கு வைத்த பேர் பூதக்கண்ணாடி.

அப்பேர்ப்பட்டவளின் பிளாஸ்கிலேயே மூன்று வாரமாகக் கோகோ பால் தினமும் அரை டம்ளர் குறைந்தால் சும்மா விடுவாளா?

"இன்னிக்குப் பால், நாளைக்கு லேபிள் ரோல்," என்றார் முதலாளி. "பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் இங்க வரச் சொல்றேன். நாக்கு நீலமா இருக்கிற ஆள் இன்னியோட வீட்டுக்கு."

பதினொன்றரைக்கு அவள் கை கழுவப் போனாள்.

கண்ணாடி முன்னால், தரை துடைக்கும் அக்கா துண்டால் நாக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துண்டில் நீலம். உதட்டிலும் நீலம்.

"நீங்களா அக்கா?"

அக்கா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "காலைல போடச் சொல்லி ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க மேடம். வெறும் வயித்துல போட்டா குடலைப் பிடுங்குது. அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவ எப்போ அடுப்பைப் பத்த வைக்கிறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. அரை டம்ளர் பாலுக்கா இல்லைன்னு சொல்லிடுவேன்?"

"ஒரு நாள்னா கேட்கலாம். தினமும் கேட்டா அதுக்குப் பேரே வேறயாச்சே."

'இதுக்கும்தான் ஒரு பேர் இருக்கு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். பர்ஸை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

பத்தே நிமிஷம். ஒரு காகிதப் பையோடு திரும்பியவள் ஆள் ஆளாகப் போய் நின்றாள்.

"இன்னிக்கு என் பிறந்தநாள். வாயைத் திறங்க."

மெஷின் அண்ணன் மிட்டாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். கேள்வி கேட்காம சப்புங்கண்ணா. கடிக்கக் கூடாது."

"பூதக்கண்ணாடி காசு எடுத்துச் செலவு பண்ணுதா? குடையை எடுத்து வைங்கப்பா!"

தரை துடைக்கும் அக்காவின் கையில் மட்டும் இரண்டைத் திணித்தாள். "நாளையிலேர்ந்து ரெண்டு பிளாஸ்க் வரும். சின்னது உங்களுக்கு. கேட்க வேணாம்."

பன்னிரண்டு மணி. முதலாளி அறையில் வரிசையாக நின்றார்கள்.

"நாக்கை நீட்டுங்க."

டிசைனர் பொண்ணு நீட்டினாள். நீலம்.

"நீயாம்மா?" முதலாளிக்கு முகமே தொங்கிவிட்டது.

"நானா? என்ன சார்?"

"இவங்க பிளாஸ்க்ல சாயம் கலந்திருக்கு. திருடிக் குடிச்சவங்க நாக்குதான் நீலமா இருக்கும். இருந்தா வேலை போச்சு."

மெஷின் அண்ணனின் பார்வை, வரிசையின் கடைசியில் துண்டால் வாயைப் பொத்தி நின்ற அக்காவிடம் போனது. அங்கிருந்து பூதக்கண்ணாடிக்கு வந்தது.

"அட, இது பிறந்தநாள் மிட்டாய் சார்!" ஓரடி முன்னால் வந்து முழ நீளத்துக்கு நாக்கை நீட்டினார். நீலம்.

"ஆமா சார், பிறந்தநாள்!" என்று பேக்கிங் பெண்கள் இருவரும் நீட்டினார்கள். வேன் டிரைவர் கேட்காமலே நீட்டினார். கடைசியாக அக்கா. எல்லாம் நீலம்.

"யாருக்குப் பிறந்தநாள்?"

"எனக்குத்தான் சார்." அவள் நாக்கும் நீலம்.

"சாயம் கலந்ததே நீங்கதானேம்மா? இன்னிக்கே பார்த்து நீல மிட்டாயா?"

"யோசிக்கல சார். தப்பு என்னோடதுதான்."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

முதலாளி அவளைப் பார்த்தார். அக்காவின் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"எனக்கு மட்டும் மிட்டாய் கிடையாதா?"

போன மாதம் இதே மேசையைச் சுற்றி நின்றுதான் அத்தனை பேரும் அவளுடைய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டார்கள். முதல் துண்டு முதலாளிக்கு.