சாலைக்கு மேலே ஒரு வடம்

சின்னமுத்து அண்ணன் அடிமரத்தில் வடத்தின் முடிச்சை அவிழ்க்கவும், மலையணில் அதில் கால் வைக்கவும் சரியாக இருந்தது.

அதன் வாயில் குட்டி.

அண்ணன் வனத்துறை வாட்சர். சரணாலயச் சாலையை அணில்கள் மேலேயே கடக்கட்டும் என்று மரத்துக்கு மரம் கட்டிய வடம் அது. கோடையில் ஒரு தாய் அணில் இதே வளைவில் ஜீப்பில் அடிபட்டுச் செத்தது. மனசு கேட்காமல், எங்கள் எஸ்டேட் பெண்கள்தான் வடத்தைக் கொடுத்தோம்.

கட்டிய நாளிலிருந்து ஓர் அணில்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகாராணிகளுக்குப் பிடிக்கவில்லை போலும். எங்களுக்கோ வடம் அவசரமாகத் தேவைப்பட்டது. திருப்பி வாங்கத்தான் அன்று காலை போயிருந்தோம்.

அவிழ்ந்த முனை அண்ணனின் கையை உரித்துக்கொண்டு மேலே மரக்கவட்டையை நோக்கி ஓடியது. வடம் தொய்ந்து சாலைக்கு இறங்கியது. நட்டநடுவில் அணில். வளைவுக்கு அப்பால் ஜீப்பின் ஹாரன்.

எங்களில் மூத்த பூமாரி அக்கா பாய்ந்து முனையைப் பிடித்தாள்.

“குதிகாலை ஊனுங்கட்டி! விட்டுறாதீங்க!”

யார் எங்கே நிற்பது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அக்கா முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். அவளுக்கு முன்னால் வரிசையாக நாங்கள்.

மழையில் ஊறிய வடம் கல்லாய்க் கனத்தது. சேறு வழுக்கியது. உள்ளங்கை தீயாய் எரிந்தது. மல்லாந்து சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி பிடித்தோம்.

தொய்வு நிமிர்ந்தது.

கீழே ஜீப் சீறிக்கொண்டு போனது. மேலே அணில் எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு, அலட்டிக்கொள்ளாமல் நடந்து அந்தப் பக்கத்து இலைகளுக்குள் மறைந்தது.

குலவை போட்டோம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்படியொரு சந்தோஷம்.

வடத்தைக் கொண்டுபோகிறோமா என்று சின்னமுத்து அண்ணன் கையை ஊதிக்கொண்டே கேட்டார்.

“இறுக்கிக் கட்டுங்கண்ணே. நாங்க வெறுங்கையோட பழகிக்கிடுதோம்” என்றாள் அக்கா.

அடுத்த வாரம் ஓணம். எஸ்டேட் மைதானத்தில் பெண்களுக்கு வடம்வலி, கயிறு இழுக்கும் போட்டி. எங்கள் டீம் இதுவரை ஒரு சுற்றுகூட ஜெயித்ததில்லை.

வருஷா வருஷம் எங்களைக் குப்புறத் தள்ளிய வடம்தான் அது. அணில் கடந்த அந்தக் காலையில் அதனால் எங்களை ஓர் அடிகூட நகர்த்த முடியவில்லை.