ரிசர்வும் காலி

"பெட்ரோல் திருடன் வெளியூர்லேர்ந்து வரல. பக்கத்து வீட்டுலயே குடியிருக்கான்!"

கொட்டகைக்குள்ளிருந்து குனிஹிரோ போட்ட கத்தல் சமையலறை வரைக்கும் கேட்டது. ஊறுகாய்க்காக முள்ளங்கிகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி மினேக்கோ, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வட ஜப்பானில் இருக்கும் நயோரோவில் பனிப்பூச்சிகள் பறக்க ஆரம்பித்துவிட்டன. அவை வந்துவிட்டால் பத்து நாளில் முதல் பனி விழும். அப்புறம் ஏப்ரல் வரைக்கும் மோட்டார் சைக்கிளுக்குத் தூக்கம்தான்.

அதற்குள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். எலி கூடு கட்டாமல் சைலன்சரைத் துணியால் அடைக்க வேண்டும், உள்ளே துருப்பிடிக்காமல் டாங்கைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். இதெல்லாம் ஊரிலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்று குனிஹிரோவுக்கு நினைப்பு.

வண்டி என்றால் அவருக்கு உயிர். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மினேக்கோவைப் பின் சீட்டில் ஏற்றியதில்லை. எடை கூடினால் வண்டிக்கு ஆகாதாம்.

"ஜூன்ல முழங்கால் போனதிலேர்ந்து நான் இதுல உக்காரவே இல்ல. அப்பவே டாங்க் முழுக்க அடிச்சு வச்சேன். இப்ப பாரு, சொட்டு இல்ல. லிவர் வேற ரிசர்வுல நிக்குது!"

"ஆவியாகிப் போயிருக்குமோ என்னமோ..."

"ஆவியாகுமாம்! உனக்கு எங்க புரியப்போகுது. இந்தப் பழைய வண்டியில பெட்ரோல் முள்ளு கிடையாது. இன்ஜின் விக்க ஆரம்பிச்சா லிவரைத் திருப்பணும். அடியில மூணு லிட்டர் மிச்சமிருக்கும், அதுக்குள்ள பெட்ரோல் பங்க்குக்குப் போய்ச் சேந்துடணும். அந்த மூணு லிட்டரையும் சேத்துக் குடிச்சிருக்கான்னா, அவன் திருடன் மட்டுமில்ல, வடிகட்டின முட்டாள்!"

மினேக்கோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாருன்னு தெரியாம பழி போடாதீங்க."

"தெரியாமலா? நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரி முடிஞ்சு பஸ்ஸைவிட்டு இறங்கி வரேன். நம்ம கொட்டகையிலேர்ந்து பக்கத்து வீட்டு நுமாதா வெளிய வரான். மூஞ்சியெல்லாம் வேர்வை. நவம்பர்ல எவனுக்குடி வேர்க்கும்? வியாழக்கிழமை ஆனா நான் முழங்கால் சிகிச்சைக்குப் போயிடுவேன்னு அவனுக்குத் தெரியும்."

கொட்டகைச் சாவி ஒன்று நுமாதாவிடம் இருந்தது உண்மைதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான பனி அள்ளும் இயந்திரம் அங்கேதான் நிற்கிறது. பன்னிரண்டு குளிர்காலமாக இரண்டு வாசலையும் விடியுமுன் சுத்தம் செய்வது அந்த மனிதர்தான். குனிஹிரோ நொண்டுகிற காலை வைத்துக்கொண்டு அவரைப் பகைத்தால், ஜனவரியில் வீட்டுக் கதவைக்கூடத் திறக்க முடியாது. இது மினேக்கோவுக்குத் தெரியும். குனிஹிரோவின் வாய்க்குத்தான் தெரியாது.

"வேணாங்க. சொன்னாக் கேளுங்க. பெட்ரோல் போனா போகட்டும்."

"நீ பேசாம இரு. இன்னைக்கு அவன் மானத்தை வாங்கல, என் பேரு குனிஹிரோ இல்ல!"

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். மினேக்கோ அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். அந்த அவசரத்திலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஷூவைப் பாரு! வாங்கி நாலு மாசம் ஆகல. இடது கால்ல மட்டும் மேல்பக்கம் தேஞ்சு கறுத்துக் கிடக்கு. ஒழுங்கா நடக்கக்கூடத் துப்பில்ல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!"

நுமாதா கையில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு கதவைத் திறந்தார்.

"என் வண்டியைத் தொட்டியா, இல்லையா? உண்மையைச் சொல்லுய்யா!"

நுமாதா ஒரு கணம் மினேக்கோவைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்புவரை குனிந்தார்.

"தப்புதான். நான்தான் எடுத்தேன். மன்னிச்சிடுங்க."

குனிஹிரோவின் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். முழங்கால் வலிகூடப் போய்விட்டது போலிருந்தது.

"கேட்டியா மினேக்கோ? ரெண்டு காதாலயும் கேட்டியா? ஏன்யா, லிவரைத் திருப்பத் தெரிஞ்ச உனக்கு, பெட்ரோல் பங்க் எங்க இருக்குன்னு தெரியலயா? உன்னையெல்லாம் மனுஷன்னு மதிச்சு உள்ள விட்டேன் பாரு! கொட்டகைச் சாவியைக் குடு. அந்த மெஷினை ரெண்டா அறுத்து உன் பாதியைத் தூக்கிட்டுப் போ!"

நுமாதா ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். குனிஹிரோ அதை வெடுக்கென்று பிடுங்கப் போனார்.

மினேக்கோவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து கணவர் கையைத் தட்டிவிட்டாள்.

"போதுங்க! அவருக்கு கிளட்ச் எந்தக் கையில இருக்குன்னே தெரியாது. நேத்து பாலத்து மேல ரிசர்வும் தீந்து வண்டி நின்னுபோச்சு. தள்ளத்தான் வந்தாரு."

"தள்ளவா? அப்ப ஓட்டினது எவன்?"

"எவனும் இல்ல. எனக்கு லைசென்ஸ் வந்து ஏழு மாசமாச்சு."