எண்பத்து மூன்றாம் பக்கம்

அழக்கூடாது, இவர் போகும்வரை அழக்கூடாது என்று கிரிஸல் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கணவர் நினியனை அடக்கம் செய்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அபர்டீனிலிருந்து அவருடைய பழைய மாணவர் லாமண்ட், புதிதாக அச்சான தன் மடக்கை அட்டவணைப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

“ஆறு வருஷ உழைப்பும்மா. ஒவ்வொரு எண்ணும் நானே போட்ட கணக்கு. ஆனா குருகிட்ட திருடினதுன்னு காலேஜ்ல பேசறாங்க. வேலையே போயிடும். ‘இது லாமண்டோட சொந்தக் கணக்குன்னு என் வீட்டுக்காரர் சொன்னார்’னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்.”

கிரிஸல் புத்தகத்தைப் புரட்டினாள்.

“ரொம்பப் பாக்காதீங்க, உங்களுக்குத் தலை சுத்தும்” என்று சிரித்தார் லாமண்ட்.

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. “இந்த ஏழு தப்பு. ஒன்பது வரணும்.”

“இருக்காதே! அவர் ஒருநாளும் தப்புப் பண்ண மாட்டாரே!”

சொன்ன பிறகுதான் லாமண்டுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

“அவர் பண்ணல” என்றாள் கிரிஸல். “கை நடுக்கம் வந்ததுலேர்ந்து அவர் வழி சொல்லுவார். கணக்குப் போட்டதெல்லாம் நான்தான். எங்க பொண்ணு இசபெல்லைப் புதைச்ச அன்னிக்குப் போட்ட பக்கம் இது. தப்புன்னு அப்புறம் தெரிஞ்சுது. திருத்த மனசு வரல.”

லாமண்ட் தலைகுனிந்தபடியே இறகுப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். “வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்காங்கம்மா...”

கிரிஸல் மைக்கூட்டை மூடினாள். “மழை விட்டுடுச்சு. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்க.”